மருந்துக்கடையில் 16 டாலர் ஏன்?

கேள்வி: என் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் சார்ஜென்ட். படைமுகாமிலிருந்து ஐம்பது மைல் தள்ளி, இரண்டு குழந்தைகளோடு வாடகை வீட்டில் இருக்கிறோம். கருத்தடை மாத்திரைக்கு வீட்டருகே உள்ள மருந்துக்கடையில் மாதந்தோறும் 16 டாலர் கட்டுகிறேன். மருந்துப் பையில் ஒட்டி வரும் சீட்டிலும் அந்தத் தொகைதான் அச்சாகியிருக்கிறது. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் தங்கையோ அதே மாத்திரையை ஒரு காசும் கொடுக்காமல் வாங்கிக்கொள்கிறாள். பட்டாளத்துக் குடும்பத்துக்கு எல்லாமே இலவசம் என்றுதானே சொன்னார்கள்? கடையில் தவறாக வசூலிக்கிறார்களா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்சாஸ்

பதில்: கடைக்காரர் மீது தவறில்லை, சகோதரி. உங்கள் தங்கையின் காப்பீடு 2010-ஆம் ஆண்டின் ஒபாமா கால மருத்துவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகளால், 2012 ஆகஸ்டு முதல் பெரும்பாலான தனியார் காப்பீடுகள் கருத்தடைக்குப் பங்குக் கட்டணம் (செலவில் நாம் கையிலிருந்து கட்டும் பங்கு) வாங்கக் கூடாது என்றாயிற்று. உங்களுக்கு உள்ள டிரைகேர் என்ற படைத்துறைக் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீடு, படைத்துறைக்கான தனிச் சட்டத்தின் கீழ் இயங்குவதால் அந்த விதி அதைத் தொடவில்லை. படைமுகாமுக்கு வெளியே உள்ள கடைகளில் குடும்பத்தினர் செலுத்த வேண்டிய மருந்துக் கட்டணத்தை, 2018 முதல் 2027 வரை ஆண்டுவாரியாக, நாடாளுமன்றமே சட்டத்தில் அட்டவணையாக எழுதி வைத்திருக்கிறது. 2018-இல் 10 டாலராக இருந்த ஜெனரிக் மருந்துக் (நிறுவனப் பெயரில்லாமல் விற்கும் மலிவு மருந்து) கட்டணம் 2024-இல் 16 ஆனது அப்படித்தான். சீருடை அணிந்தவருக்கு மட்டும் எந்தக் கடையிலும் கட்டணமில்லை. நாட்டுக்காக ஊர் ஊராக மாறும் குடும்பத்தைவிட அலுவலக ஊழியருக்குச் சலுகை அதிகம் என்பது நியாயமாக எனக்குப் படவில்லை. இதை மாற்ற செனட்டர் ஜீன் ஷஹீன் போன்றோர் பல முறை கொண்டுவந்த மசோதாக்கள் சட்டமாகாமல் நின்றுவிட்டன.

சட்டம் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வெளிக் கடையின் 16 டாலர் என்பது முப்பது நாள் மருந்துக்கான கட்டணம்; ஆண்டுக்கு 192 டாலர் ஆகிறது. அதே ஜெனரிக் மாத்திரையைத் டிரைகேர் மூலம் தபால் வழி வரவழைத்தவர்களுக்கு 2024, 2025-இல் தொண்ணூறு நாளுக்கு 13 டாலர்தான் ஆனது; ஆண்டுக்கு 52 டாலரோடு முடிந்தது. படைமுகாம் மருந்தகத்தில் வாங்கினால் கட்டணமே இல்லை. மாதம் ஒரு முறை ஐம்பது மைல் போய்வருவது பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாது என்பீர்கள். ஆனால் அங்கே ஒரே தடவையில் தொண்ணூறு நாள் மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்பதால், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும், மருந்துச் சீட்டை முப்பது நாளுக்கல்லாமல் தொண்ணூறு நாளுக்கு எழுதித் தருமாறு மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு வழியும் உண்டு. மருத்துவர் கையால் செய்ய வேண்டிய கருத்தடை முறைகள், நாடாளுமன்றம் எழுதி வைத்த அந்த மருந்துக் கட்டண அட்டவணையில் வருவதில்லை. ஆகவே காப்பர்-டி போன்ற கருப்பைச் சாதனம், மேல்கையில் தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சி, மூன்று மாதத்துக்கொரு முறை போடும் ஊசி ஆகியவற்றுக்கான பங்குக் கட்டணத்தை 2022 ஜூலை 28 முதல் டிரைகேர் நீக்கிவிட்டது. பெண்களுக்கான கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு 2023 ஜனவரி 1 முதல் இச்சலுகை கிடைத்தது. ஆனால் டிரைகேரின் வலையமைப்பில் உள்ள, அதாவது அதோடு ஒப்பந்தம் செய்துகொண்ட, மருத்துவரிடம் போனால்தான் இது பொருந்தும். சந்திப்புக்கு நேரம் கேட்கும்போதே அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். உங்கள் உடல்நிலைக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆணுறைக்கு டிரைகேர் பணம் தருவதில்லை.

இரண்டு குழந்தைகளே போதும் என்று இருவரும் தீர்மானித்திருந்தால், உங்கள் கணவரிடமும் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். ஆண்களுக்கான கருத்தடை அறுவைச் சிகிச்சையான வாசக்டமி 2022, 2023 சலுகைகளில் சேர்க்கப்படவில்லை என்றாலும், பணியில் இருக்கும்வரை அவருக்குச் சிகிச்சைக் கட்டணமே கிடையாது. ஓய்வுபெற்ற பிறகு வெளி மருத்துவரிடம் செய்துகொண்டால் அவர் பங்குக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.