கிரேக்க மொழியில் போவதும் வருவதும்: கேள்வி பதில்

கே: விடைபெறும்போது "வருகிறேன்" என்பதற்கு "எர்ஹொமெ" எனலாமா?

ப: வேண்டாம். "போகிறேன்" என்று சொல்லிக் கிளம்புவது மங்கலமில்லை என்று நாம் "வருகிறேன்" என்கிறோம். கிரேக்கருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. "ஃபெவ்கோ", அதாவது கிளம்புகிறேன் என்று நேராகச் சொல்வார்கள். "எர்ஹொமெ" என்பது யாராவது கூப்பிட்டால் "இதோ வருகிறேன்" என்று குரல் கொடுப்பது.

கே: "போ" என்பதற்குப் பாவோவா, பியேனோவா?

ப: நிகழ்காலத்தில் இரண்டும் சரி, பேச்சில் பாவோ மிகுதி. எதிர்காலத்தில்தான் சிக்கல். நாளை ஒரு முறை போவேன் என்றால் "தா பாவோ". இனி நாள்தோறும் போய்க்கொண்டிருப்பேன் என்றால் "தா பியேனோ". இறந்தகாலம் "பீகா". நிகழ்காலத்தை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். நேற்று நடந்ததைச் சொல்ல வாய் வராது.

கே: பஸ்ஸில் ஏற, இறங்க?

ப: ஏற "அனெவேனோ", இறங்க "கதெவேனோ". பழைய நடைவினை ஒன்றின் முன் மேல், கீழ் என்ற முன்னொட்டுகள் சேர்ந்து பிறந்தவை. உள்ளே நுழையும் "பேனோ", வெளியேறும் "வ்யேனோ" இரண்டும் அதே குடும்பம். பஸ் நெரிசலில் முன்னால் நிற்பவரிடம் "கதெவேனெதெ?" என்று கேளுங்கள். அவர் இறங்கவில்லையென்றால் ஒதுங்கி வழிவிடுவார்.

கே: சைப்ரஸ் வழக்கில் எப்படி?

ப: என் துறை அன்று. அந்தத் தீவினரிடம் கேளுங்கள்.

கே: பண்டைக் கிரேக்கத்தில் எர்ஹொமெ "போ" என்றும் பொருள்படும். அதை ஏன் சொல்லவில்லை?

ப: கேட்டது இன்றைய பேச்சு என்பதால். பண்டைக் கிரேக்கக் கவி ஹோமரில் அந்த வினை இரு திசைக்கும் பொது, உண்மைதான்.

கே: அப்படியானால் கிரேக்கத்தில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டிலும் அப்படித்தானே? நீங்கள் வகுக்கும் வேறுபாடு பிற்காலத்தது.

ப: மத்தேயு 8:9-ஐத் திறந்து பாருங்கள். நூற்றுவர் தலைவர் தம் வீரர்களைப் பற்றிச் சொல்கிறார்: ஒருவனைப் போ என்றால் போகிறான், இன்னொருவனை வா என்றால் வருகிறான். போவதற்கு "பொரெவொமெ", வருவதற்கு "எர்ஹொமெ". ஒரே வாக்கியத்தில் இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. முதல் நூற்றாண்டிலேயே எர்ஹொமெ பெரும்பாலும் வருகையின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஹோமரை ஆசைதீரப் படியுங்கள். ஏதென்ஸில் டிக்கெட் வாங்கும்போது அவர் வினையை எடுக்காதீர்கள்.

கே: பாவோ சரியா, பியேனோ சரியா?

ப: மேலே விடை இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: "ஓடு"?

ப: "த்ரெஹோ". இறந்தகாலம் "எத்ரெக்ஸா", அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.