நாள் தள்ளிப் போய், பிறகு வந்துவிட்டால்: வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். கர்ப்பம் பார்க்கும் கிட்டில் இரண்டு கோடு, சில நாளில் தீட்டு. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

நாள் தள்ளி நாலாம் நாள் கிட்டில் பார்த்தேன், இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தது. ஒரு வாரத்துக்குள் தீட்டு வந்துவிட்டது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கிட் தப்பா, நிஜமாகவே உண்டாகியிருந்தேனா? (களக்காடு)

உண்டாகித்தான் இருந்தீர்கள். கரு கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டத் தொடங்கிய பிறகுதான் எச்சிஜி என்ற ஹார்மோன் ரத்தத்திலும் சிறுநீரிலும் தெரியும். கோடு விழுந்தது அதனால். (அட்டையில் போட்டிருக்கும் நிமிடங்களுக்குள் பார்த்ததுதான் கணக்கு. காய்ந்த பிறகு தெரியும் நிழல் கோட்டை நம்ப வேண்டாம்.) கடைசித் தீட்டிலிருந்து சுமார் 5 வாரம் ஆனால்தான் ஸ்கேனில் கரு வளரும் நீர்ப்பை தெரியும். உங்களுக்கு அதற்குள் நின்றுவிட்டது. இதை பயோகெமிக்கல் பிரெக்னன்சி என்போம்.

ஏன் நின்றது? முட்டையும் விந்தணுவும் தலைக்கு 23 குரோமோசோம் கொண்டுவர வேண்டும். அந்தப் பங்கீட்டில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் கரு கொஞ்ச தூரம் வளர்ந்து நின்றுவிடும். ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்கு இதுதான் காரணம். வயது 35ஐத் தாண்டினால் இந்தப் பிசகு கூடும். தெரியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை கலைகின்றன. யாருக்கும் தெரியாமலே நின்றுபோவதையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். நம் ஆச்சிமார் காலத்தில் கிட் கிடையாது. "இந்த மாசம் பத்து நாள் தள்ளி வந்துட்டு" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும்.

மருமகள் முழுகாமல் இருந்தாள். சொல்லச் சொல்லக் கேட்காமல் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். பப்பாளி வேறு தின்றிருக்கிறாள். மறுநாளே தீட்டுப் பட்டுவிட்டது. அடுத்த தடவை எத்தனை மாதம் படுக்கையில் வைக்க வேண்டும்? (நாங்குநேரி)

ஒரு நாள்கூட வேண்டாம் அம்மா. முதலில் கரு வளர்வது நிற்கும், அப்புறம் ஹார்மோன் இறங்கும், ரத்தம் வருவது கடைசியில்தான். அதற்கே சில நாள் பிடிக்கும். மறுநாள் பட்டது என்றால், அவள் தேருக்குப் புறப்படும் முன்பே முடிந்துபோன காரியம் அது. படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பப்பாளிக் காயில் பால் இருப்பதால் கர்ப்பிணிகளைத் தவிர்க்கச் சொல்வோம், அவ்வளவுதான். நன்றாகப் பழுத்த பழத்தில் நாலு துண்டு தின்றதால் கரு கலையாது. எள்ளு, கருப்பட்டி என்று வீட்டில் சொல்லும் 'சூட்டு'ப் பட்டியலுக்கும் இதே பதில்தான்.

என்னிடம் வரும் பெண்களில் பலர், மாமியார் அறையைவிட்டு வெளியே போகும்வரை காத்திருந்து, "நான் அங்க போனதாலயா டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உங்கள் மருமகளும் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். "உன்னால இல்லட்டி" என்று நீங்கள் சொன்னால் நான் சொல்வதைவிட எடுபடும்.

சவூதியில் வேலை பார்க்கிறேன். ஊரில் மனைவிக்கு ஒரு வாரமாக விட்டுவிட்டு ரத்தம் படுகிறது, வலது அடிவயிற்றில் வலி. கிட்டில் இன்னும் இரண்டு கோடு வருகிறது, ஸ்கேனில் கர்ப்பப்பை காலி. 'தானாகக் கலைந்துவிடும், பொறு' என்கிறார்கள். (வள்ளியூர்)

இவருக்கு அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்: இதில் பொறுக்கக் கூடாது. கிட் பாசிட்டிவ், கர்ப்பப்பை காலி, ஒரு பக்கம் வலி. இந்த மூன்றும் சேர்ந்தால் கரு கர்ப்பப்பைக்கு வராமல், முட்டை வரும் குழாயிலேயே தங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பம் இப்படி ஆகும். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும், வெளியே கொஞ்சம்தான் தெரியும். தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி வந்தால் 108க்குப் போன் போடுங்கள். திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியோ நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியோ, எது பக்கமோ அங்கே போங்கள்.

வலி லேசாக இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனையை 48 மணி நேரம் விட்டு இரண்டு முறை எடுப்பார்கள். நல்ல கர்ப்பத்தில் எண் நன்றாக ஏறும், பல நேரம் இரட்டிப்பாகும். கலைந்துபோனதென்றால் மளமளவென்று இறங்கும். இரண்டும் இல்லாமல் இழுத்துக்கொண்டு நின்றால் சந்தேகம் குழாய் மேல்தான். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசியோடு முடிந்துவிடும், ஆபரேஷன் தேவைப்படாது.

கலைந்த பிறகு 'சுத்தம் பண்ண' வேண்டுமா? (தென்காசி)

இவ்வளவு ஆரம்பத்தில் வேண்டாம். கர்ப்பப்பை தானே கழித்துவிடும். மூன்று வாரம் கழித்து கிட் போட்டுப் பாருங்கள், ஒற்றைக் கோடுதான் வர வேண்டும். மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ரத்த குரூப் நெகட்டிவ் என்றால் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆன்டி-டி ஊசி தேவையா என்று அவர் பார்ப்பார்.

பீடி சுற்றுகிறேன். புகையிலைத் தூள்தான் காரணமா? (முக்கூடல்)

ஒரு தடவை கலைந்ததற்கு அதுதான் காரணம் என்று யாராலும் கைகாட்ட முடியாது. அதற்காக, தூளால் ஒன்றும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். புகை பிடிப்பது கரு கலையும் வாய்ப்பைக் கூட்டும் என்பது உறுதி. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பிடிக்கும் புகையும் நல்லதல்ல. நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே போகும். வேலையை விடுங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், உங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அடைத்த அறையில் சுற்றாமல் காற்றோட்டமான திண்ணைக்கு வாருங்கள். தூள் பையைப் படுக்கிற அறையில் வைக்காதீர்கள். மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டே முறுக்கு தின்பதை நிறுத்தி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். மறுபடி நாள் தள்ளினால் அந்த மாதங்களிலாவது வீட்டில் வேறு யாராவது தட்டை எடுக்கட்டும்.

நாலு நாள்தான் எனக்கே தெரியும். அதற்குப் போய் அழுவதா என்கிறார்கள். (கடையநல்லூர்)

அழுங்கள். நாலு நாளில் பெயர்வரை யோசித்திருப்பீர்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மட்டும் டாக்டரைப் பாருங்கள்.

வயது 31. மாமன் மகனைத்தான் கட்டியிருக்கிறேன். இரண்டு முறை இப்படி ஆகிவிட்டது. சொந்தத்தில் கட்டியதாலா? எப்போது மறுபடி முயலலாம்? (அம்பாசமுத்திரம்)

சொந்தத்தில் கட்டினால் வரும் சிக்கல் வேறு. இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளைக்கு இரட்டையாகப் போய்ச் சேர்வது அது. குரோமோசோம் எண்ணிக்கை பிசகுவது யார் யாரைக் கட்டினாலும் நடக்கும்.

ஸ்கேனில் தெரியாத கர்ப்பத்தைச் சில டாக்டர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். இரண்டு ஆகிவிட்டதால் தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையின் அமைப்பு, ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் ஆன்டிபாடி ஆகியவற்றைப் பாருங்கள். அந்த ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். தேவைப்பட்டால் உங்கள் இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனையும் செய்யலாம். மூன்று மாதம், ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டும் என்பதெல்லாம் இல்லை. இரண்டு வாரத்திலேயே முட்டை வெளிவரலாம். ஒரு தீட்டு பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்வது நாள் கணக்கு வைக்க வசதி என்பதால்தான். உங்கள் விஷயத்தில் பரிசோதனை முடிவுகள் வந்த பிறகு ஆரம்பிக்கலாம். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இப்போதிருந்தே தினமும் போடுங்கள்.

ஜவுளிக் கடையில் வேலை. இதற்கு லீவு உண்டா? (பாளையங்கோட்டை)

உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை என்றால், 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புப்படி (முன்பு இது 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்தது) கரு கலைந்தால் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. இத்தனை வாரம் வளர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை, ஆனால் சான்று வேண்டும். கிட் கோட்டை போட்டோ எடுத்து வைத்தால் போதாது. பாசிட்டிவ் வந்ததும் பீட்டா எச்சிஜி எடுத்து, அந்த ரிப்போர்ட்டோடு டாக்டர் சான்றிதழும் வாங்கிக் கொடுங்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியிலேயே காட்டி, அங்கே சான்றிதழ் வாங்குங்கள்.