தெக்க பாரு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மன்னவனூரிலிருந்து எழுதுகிறேன், கல்லூரி மாணவன். மேல்மலை ஊர்களுக்கு வானியல் செய்திகளை இலவசக் குறுஞ்செய்தியாக அனுப்ப நண்பர்கள் சேர்ந்து தொடங்குகிறோம். 1901 முதல் சூரியனைக் கவனித்துவரும் ஆய்வகம் நம் கொடைக்கானலில் இருக்கிறது. நம் மக்களுக்கோ வானத்தைப் பற்றி எதுவும் தெரியாது. தினம் ஒன்று அனுப்பலாமா, வாரம் ஒன்று போதுமா? வாட்ஸ்ஆப் காலத்தில் இதை யார் படிப்பார்கள் என்றும் கேட்கிறார்கள். எங்கள் மாதிரிச் செய்தி: ‘டிசம்பர் 14: ஜெமினிட்ஸ் விண்கல் பொழிவு உச்சம். மணிக்கு 120.’

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல்முறை சந்தோஷம், இரண்டாம் முறை கோபம்.

வாட்ஸ்ஆப் கேள்வியை விடுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ‘எதுவும் தெரியாது’ என்று எழுதினீர்களே, அதை அடித்துவிடுங்கள். விடிவெள்ளியைப் பார்த்து எழுந்து காட்டுக்குப் போனவர்கள் அவர்கள். அவர்களுக்கு வந்து சேராதது செய்திதான்.

1986 ஏப்ரல் முதல் வாரம். ஹாலி வால்நட்சத்திரம் வந்திருந்தது. பூம்பாறையில் எங்கள் வீட்டுக்குச் செய்தித்தாள் வராது. கொடைக்கானலுக்குப் பூண்டு மூட்டை ஏற்றிப்போன மாமா, டீக்கடையில் யாரோ சொல்லக் கேட்டு, திரும்பி வந்ததும் வாசலில் நின்றே சொன்னார்: “நாலு மணிக்கு எந்திரி. மேட்டுக்கு ஏறு. தெக்க பாரு.” எங்கள் வாசலில் நின்றால் தெற்கே தைலமரத் தோப்பு மறைக்கும். அது மாமாவுக்குத் தெரியும். அதனால்தான் மேடு. குளிரில் அம்மாவின் சேலையைப் போர்த்திக்கொண்டு ஏறினேன். மலைக்கு மேலே, பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல் மங்கலாக ஒன்று. மாமா அன்று பேசவே இல்லை. என் தலையில் கை வைத்தபடி நின்றார்.

இனி உங்கள் செய்திக்கு வருகிறேன். எந்த ஊரில் நின்று எழுதினீர்கள்? எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? 14 என்றால் 14ஆம் தேதி ராத்திரிதான் ஜனங்கள் வெளியே வருவார்கள். உச்சம் முந்தின ராத்திரியே கடந்திருக்கலாம். நம் ஊரில் விடிந்தால்தான் அடுத்த நாள். மணிக்கு 120 எரிநட்சத்திரம் என்பது நிலவில்லாத, துளி வெளிச்சமும் இல்லாத வானத்தில், அவை கிளம்பிவருவதுபோல் தெரியும் இடம் நேர் உச்சியில் இருந்தால் வரும் கணக்கு. வடகிழக்கு மழை முடியாத டிசம்பரில், பனிமூட்டத்துக்குள் நின்று 120 எண்ணச் சொல்வீர்களா? ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை போர்வையை விலக்கமாட்டார்.

குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70தான். கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனிக் கணக்கு. ‘தெற்கே’ என்ற மூன்றெழுத்துக்கு ஆறு போய்விடும். இது போதாதென்று ஆங்கிலத்துக்குப் போய்விடாதீர்கள். மாமா சொன்னதை எண்ணிப் பார்த்தேன், 49. உங்களுடையதை இப்படி மாற்றினால் 64: ‘ஞாயிறு ராத்திரி 2 மணி. எரிநட்சத்திரம் விழும். அண்ணாந்து பாருங்க.’

அண்ணாந்து பார்ப்பதற்கு எல்லா ஊருக்கும் ஒரே செய்தி போதும். அடிவானத்தை ஒட்டி வருபவற்றுக்குப் போதாது. சென்னையில் கடற்கரையில் நிற்பவருக்குக் கிழக்கு என்றால் கிழக்கு. நமக்குக் கிழக்கே ஒரு மலை நிற்கிறது. அங்கே புதன் உதித்தால், அது மலையைத் தாண்டி மேலே வருவதற்குள் இங்கே விடிந்துவிடும். பூம்பாறைக்கு ஒரு மேடு, மன்னவனூருக்கு ஒரு மேடு, பூண்டிக்கு ஒரு மேடு. முதல் செய்திக்கு முன்னால் ஒவ்வொரு ஊருக்கும் நடந்துபோய், ராத்திரி நின்று, எது எதை மறைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பூம்பாறைக்கு வரும்போது அந்த மேட்டைக் காட்டுகிறேன். தைலமரங்கள் இப்போது இன்னும் உயர்ந்துவிட்டன. பழைய இடத்தில் நின்றால் தெரியாது, கொஞ்சம் மேலே ஏற வேண்டும்.