30 வெள்ளிக்கு 50000 எம்ஏஎச்சா? பவர் பேங்க் கேள்வி பதில்

போன இதழ்ல பவர் பேங்க் பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினேன், அதுக்கே இத்தன கேள்வி. நம்ம பேராக்ல சுங்கை சிப்புட்லேந்து தெலுக் இந்தான் வரைக்கும் எல்லார் கைலயும் ஒண்ணு இருக்கு போல, உள்ள என்னா இருக்குன்னுதான் தெரிய மாட்டேங்குது. எம்ஏஎச்னா பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவு, கீழ வெறும் 10000, 20000ன்னு சொல்றதெல்லாம் அதுதான். ஒரே மாதிரி வந்தத சேத்து எழுதியிருக்கேன், உங்க கேள்விய அப்படியே காணோம்னு கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, நம்ம டவுன் பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) 50000 எம்ஏஎச்னு போட்டு 30 வெள்ளிக்கு விக்கிறான். ஈப்போ கடையில 10000க்கே அதவிட கூட சொல்றான். யார நம்புறது? – தோட்டத்து லோரி டிரைவர், சுங்கை சிப்புட்

தம்பி, அத கையில தூக்கிப் பாத்தீங்களா? ஸ்டிக்கர்ல எவ்வளவு வேணாலும் அடிக்கலாம், வெயிட்ட மட்டும் அடிக்க முடியாது. உள்ள இருக்கிறது லித்தியம் செல்லு. அந்த உருண்ட செல்லு, 18650ன்னு சொல்லுவாங்க, ஒண்ணு 45லேந்து 50 கிராம் இருக்கும், நல்ல கம்பெனி செல்லா இருந்தாலும் 3500 எம்ஏஎச் கிட்டதான் பிடிக்கும். அப்ப 50000 வேணும்னா 14, 15 செல்லு உள்ள இருக்கணும், செல்லு மட்டுமே 700 கிராம் வரும், அதுக்கு மேல பெட்டி, போர்டு எல்லாம் இருக்கு. பக்கத்து காய்கறி ஸ்டால்காரர்கிட்ட கேட்டு தராசுல ஒரு தடவ வச்சுப் பாருங்க, 200 கிராம்தான் காட்டுதுன்னா மிஞ்சிப்போனா அது 10000, அதுவும் செல்லு புதுசா இருந்தா. பழைய லேப்டாப்ல கழட்டுன செல்லப் போட்டு மணல் வச்சு வெயிட் ஏத்துற ஆளும் உண்டு, அதனால வெயிட் இருந்தா நல்ல சரக்குன்னு அர்த்தம் இல்ல, வெயிட் இல்லன்னா நிச்சயமா பொய்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. நேர்மையான 10000 கூட உங்க போனுக்கு 10000 குடுக்காது. அந்த நம்பர் செல்லோட 3.7 வோல்ட்டுக்கு போட்டது, ரெண்டையும் பெருக்கி ஆயிரத்தால வகுத்தா 37 வாட் அவர், அதுதான் உள்ள இருக்கிற மொத்த சக்தி. வெளிய வர்றது 5 வோல்ட்டு, அந்தக் கணக்குல 7400 ஆயிடுது, அதுலயும் மாத்தும்போது சூடா கொஞ்சம் போயிடும், கடைசில 6000 சொச்சம் நிக்கும். நல்ல கம்பெனிக்காரன் இத மறைக்க மாட்டான், பின்னாடி பொடி எழுத்துல ரேட்டட் கெப்பாசிட்டின்னு, அதாவது வெளிய நிஜமா வர்ற அளவ, தனியா போட்டிருப்பான். பெரிய எழுத்த விட்டுட்டு அந்தப் பொடி எழுத்தத் தேடுங்க, அது இல்லவே இல்லன்னா கீழ வச்சிடுங்க. 5000 பேட்டரி போன ஒரு 10000 பவர் பேங்க் ஒண்ணேகால் தடவ, நல்லா இருந்தா ஒன்றரை தடவ ஏத்தும். அவ்ளோதான், அதுக்கு மேல எந்த பிராண்டும் தராது லா.

கேள்வி: என் வீட்டுக்காரரு செம்பனைத் தோட்டத்துல வேலை. காலையில பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) போனா சாயங்காலம்தான் வருவாரு, உள்ள கரண்ட்டும் இல்ல, போன் லைனும் சரியா இல்ல, மத்தியானத்துக்குள்ள போன் செத்துடுது. முதுகுல சோலார் ஒட்டின பவர் பேங்க் வாங்கிக் குடுக்கலாமா? – வாசகி, பீடோர்

வேணாம்க்கா. அந்த சோலார் உள்ளங்கை அளவுதான், உச்சி வெயில்ல நேரா காட்டினாலும் ஒரு வாட், ஒன்றரை வாட் வரும். 37 வாட் அவர் பவர் பேங்க அது நிரப்ப 30 மணி நேரம் உச்சி வெயில் வேணும். நம்ம ஊர்ல ஒரு நாளைக்கு நல்ல வெயில்னு கணக்கு போட்டா நாலு, அஞ்சு மணி நேரம், மத்ததெல்லாம் மேகம், மழை, சாய்ஞ்ச வெயில். அப்ப ஒரு வாரம் வெயில்லயே கெடக்கணும். உங்க வீட்டுக்காரரு நிக்கிறதோ செம்பனை மட்டைக்கு கீழ, அங்க தரையில விழுற வெளிச்சத்துக்கு அது ஒண்ணுமே ஏத்தாது, பச்ச லைட்டு மட்டும் எரியும், அந்த லைட்ட பாத்து ஏறுதுன்னு நம்பிக்கிட்டு இருப்பாரு.

வெயில்ல வைக்கிறதே பேட்டரிக்கு ஆகாத வேலை, அதுதான் எனக்கு இதுல பெரிய கோவம். லித்தியம் பேட்டரிய 45 டிகிரி சூட்டுக்கு மேல சார்ஜ் பண்ணவே கூடாது, மோட்டர் சீட்டு மேலயோ லோரி டேஷ்போர்டு மேலயோ கறுப்பு பெட்டிய வச்சா அந்தச் சூடு அரை மணி நேரத்துல வந்துடும். சோலாருக்கு வெயில் வேணும், பேட்டரிக்கு நிழல் வேணும், ரெண்டையும் ஒண்ணா ஒட்டி விக்கிறவன என்ன சொல்றது? டார்ச் லைட்டு நல்லா இருக்கு, கொக்கி இருக்கு, கலர் அழகா இருக்குன்னு வாங்குறதுன்னா வாங்குங்க, சோலாருக்காக வாங்காதீங்க.

அவருக்கு சாதாரண 10000 ஒண்ணு போதும், ராத்திரி வீட்டு பிளக்ல ஏத்தி காலையில சாப்பாட்டுத் தூக்கோட குடுத்து விடுங்க. பிளாஸ்டிக் பைல சுத்திக் குடுங்க, வேர்வையும் மழையும் அந்த யூஎஸ்பி ஓட்டைக்குள்ள போனா துரு பிடிச்சுடும். லைன் இல்லாத பிளாக்குக்கு போறப்ப போன ஏரோபிளேன் மோட்ல போடச் சொல்லுங்க. லைன் கிடைக்கலன்னா போன் சும்மா இருக்காது, முழு பவர்ல டவர தேடிக்கிட்டே இருக்கும், மத்தியானத்துலயே சாகுறதுக்கு பாதி காரணம் அதுதான். ஆனா மண்டோர் (மேஸ்திரி) கூப்பிடுவாருன்னா அது நடக்காது, உங்களுக்கே தெரியும்.

கேள்வி: லயத்துல கடைசி வீடு எங்களுது, பெரிய காத்து அடிச்சா மரம் விழுந்து கரண்ட் போயிடும். தனியா வர்ற 21 வாட் மடக்கு சோலார் பேனல் பாத்தேன். அதுவாச்சும் வேலை செய்யுமா? – ஃபார்ம் சிக்ஸ் மாணவர், சிம்மோர்

வேலை செய்யும் தம்பி, இது உண்மையான சாமான். ஆனா 21 வாட்னு போட்டா கையில 12, 15 வாட் வந்தா சந்தோஷப்படுங்க. பேனல டெஸ்ட் பண்றது 25 டிகிரி சூட்டுல, நம்ம ஊர் வெயில்ல பேனல் 50, 60க்கு போயிடும், 25க்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் குறையும். மேகம் மூடிச்சுன்னா அடியோட படுத்துடும். துணி காயப்போட்ட கொடியோட நிழலு ஒரு மூலையில விழுந்தாக்கூட போதும், உள்ள செல்லெல்லாம் வரிசையா கோத்திருக்கிறதால ஒண்ணு நிழல்ல போனா மொத்தமும் இறங்கிடும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ள வைக்காதீங்க, வாசல்ல வைங்க. நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கோம், அதனால பெருசா சாய்க்க வேண்டியதில்ல, மத்தியானம் கிட்டத்தட்ட படுக்க வச்சாலே நேரா விழும், காலையில மட்டும் சூரியன் பக்கம் கொஞ்சம் தூக்கி வைங்க. சாயங்கால மழை நம்ம ஊர் வழக்கமாச்சே, அதனால ஒம்பது மணிக்கே விரிச்சுடுங்க.

பேனல்லேந்து நேரா போனுக்கு சொருகாதீங்க. ஒரு மேகம் கடக்குறப்ப கரண்ட் விழும், சில போன் சார்ஜ நிறுத்திட்டு திரும்ப ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது, நீங்க சாயங்காலம் வந்து பாத்தா 30 சதவீதத்துலயே நிக்கும். பகல்ல பேனல் பவர் பேங்க நிரப்பட்டும், ராத்திரி பவர் பேங்க் போன நிரப்பட்டும். பவர் பேங்க பேனலுக்கு பின்னாடி, நிழல்ல வைங்க.

ஆனா உங்களுக்கு இது தேவையா? கரண்ட் போனா 15454க்கு போன் போட்டா டிஎன்பி (மின்சார கம்பெனி) ஆளுங்க வர்றாங்க, சில மணி நேரத்துல கரண்ட் வந்துடுது, அதுக்கு ஒரு 20000 பவர் பேங்க் போதும், பேனல் வாங்குற காசு மிச்சம். வெள்ளத்துக்கு உதவும்னு சில பேர் சொல்றாங்க. 2021 டிசம்பர்ல ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கினப்ப வீட்டு மேல ஏறி நின்னவங்களுக்கு போன்தான் ஒரே வழி, அது சரி, ஆனா மழை கொட்டுற நாள்ல பேனலுக்கு வெயில் எங்கேந்து வரும்? மழைக் காலத்துல முழுசா ஏத்தி வச்ச ரெண்டு பவர் பேங்க் அந்தப் பேனல விட நம்பிக்கை. காட்டுல நாலு நாள் தங்குறவங்க, ஆத்துல மீன் பிடிக்கிறவங்க, கரண்டே இல்லாத தோட்டக் கொட்டாயில இருக்கிறவங்க, அவங்களுக்குத்தான் மடக்கு பேனல்.

கேள்வி: குடும்பத்தோட திருச்சிக்கு போறோம். 20000 பவர் பேங்க் விமானத்துல விடுவாங்களா? – ஓய்வு பெற்ற கிராணி, கோலகங்சார்

விடுவாங்க ஐயா, கைப்பையில மட்டும். பெட்டியில போட்டு செக்-இன் பண்ணவே கூடாது. 20000னா 74 வாட் அவர், 100 வரைக்கும் பிரச்சினை இல்ல, 100லேந்து 160 வரைக்கும் விமான கம்பெனிகிட்ட முன்கூட்டியே அனுமதி கேக்கணும், அதுக்கு மேல கிடையாது. மேல சொன்ன 50000 ஸ்டிக்கர் கணக்குக்கு 185 வாட் அவர் வரும், உள்ள 10000 கூட இல்லாத பொய்ப் பெட்டியா இருந்தாலும் எழுதியிருக்கிறத பாத்துதான் பிடுங்குவாங்க! எழுத்து அழிஞ்சு போயிருந்தாலும் அதே கதிதான், கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.

2025 ஜனவரியில தென் கொரியாவுல கிம்ஹே விமான நிலையத்துல ஏர் பூசான் விமானம் ஒண்ணு தரையில நின்னபடியே எரிஞ்சதே, அதுக்கப்புறம் எல்லாரும் கெடுபிடி பண்ணிட்டாங்க. மலேசியா ஏர்லைன்ஸ்ல 2025 ஏப்ரல் 1லேந்து பறக்கும்போது பவர் பேங்க பயன்படுத்தவும் கூடாது, அத சார்ஜ் பண்ணவும் கூடாது. ஏறுறதுக்கு முன்னாடியே போன நிரப்பிக்குங்க. எத்தன எடுத்துட்டு போலாம்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும், டிக்கெட் எடுத்த இடத்துல கேட்டுக்குங்க.

கேள்வி: தைப்பூசத்துக்கு கல்லுமலை கோயில்ல ராத்திரி பூரா காவடி வீடியோ எடுப்பேன். 22.5 வாட், 45 வாட், 65 வாட்னு போட்டிருக்கே, எது வாங்குறது? – கல்லூரி மாணவி, ஈப்போ

தங்கச்சி, வாட்டு வேகத்துக்கு, வாட் அவர்தான் அளவுக்கு. போனுக்கு மட்டும்னா 20 வாட் கிட்ட யூஎஸ்பி சி பிடி (வேகமா ஏத்துற பொது முறை) உள்ளது தாராளம். லேப்டாப்பும் ஏத்தணும்னா 45, 65 பாருங்க, ஆனா 20000 பவர் பேங்க் லேப்டாப்ப ஒரு தடவதான் ஏத்தும், சிலத அதுகூட முழுசா ஏத்தாது. பவர் பேங்க் 65ன்னு இருந்து கேபிள் பழசா இருந்தா ஒரு பயனும் இல்ல, நிறைய பேர் இங்கதான் கோட்ட விடுறாங்க, பெட்டியில வந்த கேபிளயே வச்சுக்குங்க. சில போன் கம்பெனிக்காரன் வேக சார்ஜ தன் சொந்த முறைலதான் குடுப்பான், அந்தப் போன வேற பவர் பேங்க்ல போட்டா மெதுவாத்தான் ஏறும், பழுதுன்னு நினைக்காதீங்க. கூட்டத்துல நடந்துக்கிட்டே எடுக்கிறதுன்னா 10000 சின்னதா, பாக்கெட்டுக்கு அடங்குறதா வாங்குங்க, விடிய விடிய 20000 தூக்கினா கை வலிக்கும். வீடியோ எடுத்துக்கிட்டே சார்ஜும் போட்டா போன் கொதிக்கும், அதனால நடு நடுவுல நிறுத்தி ஏத்துங்க.

கேள்வி: பழைய பவர் பேங்க் ஒண்ணு வயிறு உப்பியிருக்கு, ஆனா இன்னும் ஏறுது. வச்சுக்கலாமா? – வாசகர், தெலுக் இந்தான்

வச்சுக்கக் கூடாது. உள்ள கேஸ் சேந்திருக்கு. இனிமே அத ஏத்தாதீங்க, ஊசியால குத்திப் பாக்காதீங்க, அமுக்கி மூட முயற்சி பண்ணாதீங்க. பழைய பிஸ்கட் டின்ல மணல் போட்டு அதுக்குள்ள வச்சு, மூடிய இறுக்காம, வீட்டுக்கு வெளிய மழை படாத இடத்துல வைங்க. குப்பைத் தொட்டியில போட்டா குப்பை லோரி அமுக்கும்போது தீப்பிடிக்கும், பாவம் அந்த லோரி ஆளுங்க. ஈப்போ போறப்ப இ-வேஸ்ட் (பழைய மின் சாமான்) சேகரிக்கிற இடத்துல குடுத்துடுங்க, முன்னாடியே போன் போட்டு உப்பின பேட்டரின்னு சொல்லிட்டு போங்க.