காரை நண்பர் இடித்தால் கைக்காசு யாருடையது?

கேள்வி (தெம்பனிஸ், சிங்கப்பூர்): நண்பர் என் காரை இரவல் வாங்கிப் போய் ஒரு வேனின் பின்னால் மோதிவிட்டார். வேன்காரர் என்மீது வழக்குத் தொடுக்க முடியுமா?

தொடுக்கலாம், ஜெயிப்பது கடினம். கவனக்குறைவுக்கு ஓட்டியவரே பொறுப்பு. கார் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் பழி உங்கள்மேல் விழாது. அவர் யார் வேலையாகப் போனார் என்பதே முக்கியம். உங்கள் மாமியாரை அழைத்துவரச் சாங்கி விமான நிலையத்துக்கு நீங்கள் அனுப்பியிருந்தால், உங்களுக்கும் பொறுப்பு உண்டு. தன் சொந்த வேலையாகப் போயிருந்தால் இல்லை. 1972இல் இங்கிலாந்தின் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையும் இதே வழியில்தான் தீர்ப்பளித்தது: குடித்திருந்த கணவர் மனைவியின் காரை நண்பரை ஓட்டச் சொன்னார், அவர் மோதினார், மனைவிமீது பொறுப்பு விழவில்லை. வேன்காரரின் வழக்கறிஞர் கடிதம் வந்தால் நீங்களே பதில் எழுத உட்காராதீர்கள். காப்புறுதி நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஈசூன்): சின்னக் கீறல்தான். நமக்குள் முடித்துக்கொள்ளலாமா?

முடித்துக்கொள்ளுங்கள், ஆனால் தெரிவித்துவிட்டு. எவ்வளவு சிறிய விபத்தானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லியாக வேண்டும். இன்று சிரித்துக் கைகுலுக்கியவர் அடுத்த மாதம் கழுத்துவலி என்று வந்து நிற்பார்.

கேள்வி (ஜூரோங்): நண்பர் எக்செஸ் தொகையை (காப்புறுதி நிறுவனம் ஏற்காமல் நாமே கைக்காசிலிருந்து கட்டும் பங்கு) தர மறுக்கிறார்.

நல்ல நிலையில் வாங்கிய பொருளை அப்படியே திருப்பித் தருவது அவர் கடமை. கவனக்குறைவால் உங்களுக்கு ஏற்பட்ட நட்டத்தை அவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர் ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். பலர் கணக்கில் சேர்க்க மறப்பது என்சிடியை, அதாவது கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடியை. 50 விழுக்காட்டில் இருப்பவர் ஒரே கோரிக்கையில் 20க்கு இறங்குகிறார். மீண்டும் ஏற மூன்று ஆண்டுகள். தவறு நண்பருடையது, தண்டம் உங்கள் சந்தாவில்! அதையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): அவரிடம் ஓட்டுநர் உரிமமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கவலைக்குரிய விஷயம். உரிமமில்லாதவரை ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். காயமடைந்தவருக்குக் கொடுத்த பணத்தைக் காப்புறுதி நிறுவனம் உங்களிடமே வசூலிக்க வரலாம். இன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி (செங்காங்): இரவல் கொடுக்கும்போது பணம் வாங்கலாமா?

பெட்ரோல் நிரப்பித் தரச் சொல்லுங்கள். நாளுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அது வாடகை. சாதாரண தனியார் கார்க் காப்புறுதியில் வாடகைக்கு இடமில்லை.