கார் எவ்வளவு நேரம் நிற்கும்? அங்கிருந்து தொடங்குங்கள்
மின்வாகன நிலையம் குறித்த வாசகர் கேள்விகளும் பொறியாளரின் விடைகளும்

வணிக இடங்களில் அதிவேக மின்னேற்று நிலையம் அமைப்பது பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

கேள்வி: சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உணவகம் நடத்துகிறேன். சொந்த மின்மாற்றி 250 கே.வி.ஏ.; மின்வாரியத்துடன் உள்ள ஒப்பந்த மின்தேவை (நாங்கள் எடுப்பதாக ஒப்புக்கொண்ட உச்ச அளவு) 150 கே.வி.ஏ. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அதிகபட்சமாக 110 வரை பதிவாகிறது. 240 கிலோவாட் சார்ஜர் வைத்தால்தான் கார்கள் வரும் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. வைக்கலாமா?
— உணவக உரிமையாளர், விழுப்புரம் மாவட்டம்

விடை: இப்போது வேண்டாம். இரண்டு கன் (காரில் செருகும் கைப்பிடி) கொண்ட 120 கிலோவாட் சார்ஜர் ஒன்றே உங்களுக்குப் பொருத்தமானது என்று நினைக்கிறேன்.

சார்ஜரின் மேல் எழுதியிருக்கும் எண் அது தரக்கூடிய உச்சத்தைத்தான் சொல்கிறது. எவ்வளவு வாங்கிக்கொள்வது என்பதைத் தீர்மானிப்பது கார். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான மின்கார்களின் பேட்டரி ஏறத்தாழ 400 வோல்ட்டில் இயங்குகிறது. திரவக் குளிர்ச்சி இல்லாத சாதாரண கன் கேபிளில் 200 ஆம்பியர் செல்லும் என்று கொண்டால், 400-ஐ 200-ஆல் பெருக்கக் கிடைப்பது 80 கிலோவாட். அதற்கு மேல் அந்த வழியில் மின்சாரம் போக இடமில்லை. டாட்டா நெக்ஸான் 45 கிலோவாட்–மணி (அதாவது 45 யூனிட்) பேட்டரி கொண்ட காரை எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோவாட் சார்ஜரில் 10 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற ஏறக்குறைய 40 நிமிடம் ஆகிறது. அதற்குள் ஏறுவது 31.5 யூனிட், அதாவது சராசரியாக 47 கிலோவாட் வேகம்தான். பேட்டரி நிறைய நிறையக் கார் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்வதும், 80-ஐத் தாண்டினால் இன்னும் மெதுவாவதும் இதற்குக் காரணம். இதே காரை 240 கிலோவாட் சார்ஜரில் மாட்டினாலும் பெரிய வேறுபாடு இராது.

விதிவிலக்கான கார்களும் வந்துவிட்டன. மகிந்திராவின் 79 கிலோவாட்–மணி மாடல்கள் 175 கிலோவாட் வரை வாங்கி, 20-லிருந்து 80 விழுக்காட்டை 20 நிமிடத்தில் எட்டுகின்றன. 800 வோல்ட் அமைப்பு கொண்ட ஹூண்டாய் அயோனிக் 5, 350 கிலோவாட் சார்ஜரில் 18 நிமிடத்தில் 10-லிருந்து 80-க்குப் போகிறது. டீ குடிக்க மட்டும் வண்டியை நிறுத்தும் இடமாக இருந்தால் இவர்களுக்காகவே திட்டமிடலாம். ஆனால் உங்களிடம் வருபவர்கள் குடும்பத்தோடு இறங்கி, இலை போட்டுச் சாப்பிட்டு, கை கழுவி, காப்பி குடித்து எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த முக்கால் மணி நேரத்துக்கு 60 கிலோவாட் போதும். இரண்டு கன்னுக்கு 120. ஒரே ஒரு பெரிய கார் வந்தால் 120 முழுவதையும் அதற்கே கொடுக்கும் வகைச் சார்ஜரைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து மின்மாற்றியின் கணக்கு. இந்தச் சார்ஜர்கள் உள்ளே வாங்கும் மின்சாரத்தில் சுமார் 5 விழுக்காட்டை வெப்பமாக இழக்கின்றன. கிலோவாட்டைக் கே.வி.ஏ.-ஆக மாற்ற உதவும் திறன் காரணி 0.98 என்று கொள்வோம். 240 கிலோவாட் சார்ஜருக்கு 258 கே.வி.ஏ. வேண்டும். உணவகத்தின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டால்கூட உங்கள் மின்மாற்றிக்கு அது அதிகம். 120 கிலோவாட்டுக்கு 129 கே.வி.ஏ.; இரவு உச்சத்தில் உள்ள 110-ஐயும் சேர்த்தால் 239. மின்மாற்றி தாங்கிவிடும் என்று தோன்றினாலும், சித்திரை வெயிலில் 250-இன் விளிம்பில் அதை மணிக்கணக்காக ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

இங்கேதான் மின்பளு மேலாண்மை உதவுகிறது. மின்மாற்றியின் வெளிவழியில் ஒரு மீட்டர் வைத்து, மொத்தம் 200 கே.வி.ஏ.-வைத் தாண்டாதபடி சார்ஜருக்கு ஆணையிடலாம். சமையலறையும் குளிர்சாதனமும் 110 எடுக்கும் இரவு எட்டரை மணிக்குச் சார்ஜருக்கு மிஞ்சுவது 90 கே.வி.ஏ., கார்களுக்குப் போய்ச் சேருவது சுமார் 84 கிலோவாட். இரண்டு நெக்ஸான்கள் ஒரே நேரத்தில் நின்றாலும் யாரும் பெரிதாக வருந்தமாட்டார்கள். கூட்டம் கலைந்ததும் முழு 120-உம் தானாகத் திரும்பிவிடும்.

இதற்கு ஒப்பந்த மின்தேவையை 150-லிருந்து 200-ஆக உயர்த்த வேண்டியிருக்கும். உயரழுத்த இணைப்பில், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் ஒப்பந்தத்தின் 90 விழுக்காட்டுக்கு மின்தேவைக் கட்டணம் உண்டு. இப்போதே நீங்கள் 110 பயன்படுத்திவிட்டு 135-க்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மின்கட்டணச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எதிர்காலத்துக்கு இருக்கட்டும் என்று 300, 400 கேட்டு வாங்கினால் மாதாமாதம் அந்தச் சுமை விழும். எதிர்காலத்துக்குச் செய்ய வேண்டியது வேறு: கேபிள் பள்ளம் தோண்டும்போதே அடுத்த சார்ஜருக்கான வெற்றுக் குழாய்களையும் பதித்து, பேனலில் ஓர் இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். தளம் போட்ட முற்றத்தை இரண்டாம் முறை உடைக்கும் செலவோடு ஒப்பிட்டால் குழாயின் விலை ஒன்றுமே இல்லை. பொது நிலையங்களுக்குத் தனி மீட்டர் வேண்டும் என்பது மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல். அதைத் தனி இணைப்பாகத் தருவார்களா, இருக்கும் இணைப்பின் கீழ் வைப்பார்களா என்பதைச் சார்ஜருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மின்வாரியத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மேலே சொன்ன 200 என்ற எண்ணும் அந்தப் பதிலைப் பொறுத்து மாறும்.

கடைசியாக, இடம். சென்ற கோடையில் ஒரு நெடுஞ்சாலை நிலையத்தைப் பார்க்கப் போயிருந்தேன். சார்ஜரை மேற்குப் பார்த்து, கூரையில்லாமல், மண் தரையின் ஓரத்தில் நட்டிருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டியின் மேல் கை வைக்க முடியவில்லை. காற்று உள்ளே போகும் வடிகட்டியைக் கழற்றித் தட்டியபோது, லாரிகள் கிளப்பிய செம்மண் ஒரு கைப்பிடி கொட்டியது. உள்வெப்பம் ஏறியதும் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 60 கிலோவாட் பெட்டி திரையில் 31 என்று காட்டிக்கொண்டிருந்தது. காத்திருந்த ஓட்டுநர் தன் காரில்தான் கோளாறு என்று நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஒரு தகரக் கூரை, சிமெண்ட் தளம், மாதம் ஒருமுறை வடிகட்டியைத் துடைக்க ஓர் ஆள் என்று இருந்திருந்தால் அவர் பாதி நேரத்தில் கிளம்பியிருப்பார்.

சார்ஜரை இரண்டு வண்டி நிறுத்தங்களுக்கு நடுவில் வையுங்கள். கிரெட்டா எலக்ட்ரிக், எம்.ஜி. இசட்.எஸ். போன்றவற்றுக்கு முகப்பிலும், அயோனிக் 5-க்கு வலப்பக்கப் பின்புறத்திலும் மின்வாய் (கன்னைச் செருகும் இடம்) இருக்கிறது. நிறுத்திய வண்டியின் மின்வாய் சார்ஜரிலிருந்து 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி சொல்கிறது. நீட்டிப்புக் கேபிளுக்கு அனுமதி இல்லை. ஓரத்தில் நட்டுவிட்டால், கேபிள் எட்டாமல் ஒருவர் இரண்டு இடத்தை அடைத்துக் குறுக்கே நிறுத்துவார், இரண்டாவது கன் சும்மா தொங்கும்.

கேள்வி: எங்கள் வணிக வளாகத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில் இரண்டு அதிவேகச் சார்ஜர் வைக்கக் கடைக்காரர்கள் சங்கம் விரும்புகிறது. உங்கள் கருத்து என்ன?
— சங்கப் பொறுப்பாளர், கோயம்புத்தூர்

விடை: துணி எடுக்கவும் படம் பார்க்கவும் வருபவரின் கார் உங்கள் வளாகத்தில் இரண்டரை மணி நேரம் நிற்கிறது. 7.4 கிலோவாட் ஏ.சி. (மாறுமின்னோட்ட, மெதுவாக ஏற்றும்) சார்ஜரே அந்த நேரத்தில் 18 யூனிட்டுக்கு மேல் ஏற்றிவிடும். ஊருக்குள் ஓடும் காருக்கு அது பல நாள் ஓட்டம். ஆகவே அடித்தளத்தில் பத்து ஏ.சி. சார்ஜர்களை வைத்துவிட்டு, அவசரக்காரர்களுக்காக அதிவேகச் சார்ஜர் ஒன்றை வாசலுக்கு அருகே திறந்தவெளியில் வைக்கும்படி சொல்வேன். கட்டட விதிகளுக்கான மத்திய அரசின் மாதிரித் திருத்தம், 2019-இல், நிறுத்த இடங்களில் 20 விழுக்காட்டை மின்வாகனத்துக்கு ஒதுக்கச் சொன்னபோதும், எல்லாமே அதிவேகமாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

அடித்தளத்தில் அதிவேகப் பெட்டியை நான் தவிர்க்கச் சொல்வதற்கு முதல் காரணம் வெப்பம். 120 கிலோவாட் சார்ஜர் முழு வேகத்தில் ஓடும்போது 6 கிலோவாட்டுக்கு மேல் வெப்பமாக வெளியேறுகிறது; காற்றோட்டமில்லாத அறையில் ஆறு இஸ்திரிப்பெட்டிகளை விடாமல் எரியவிடுவதற்கு அது சமம். மழைநீர் இறங்குவதும், தீயணைப்பு வண்டியால் கீழே இறங்க முடியாததும் அதைவிடக் கவலை தருபவை. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அடித்தளத்தில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காவிட்டால் சார்ஜரை இயக்கும் செயலி திறக்காது, பணம் செலுத்த முடியாது. ஏ.சி. சார்ஜர்களுக்கும் கம்பிவழி இணையமும், வாடிக்கையாளருக்கு வைஃபையும் தேவை.

பத்து ஒற்றைமுனை (சிங்கிள் பேஸ்) சார்ஜர்களை இணைப்பின் மூன்று முனைகளுக்கும் 4, 3, 3 என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் 32 ஆம்பியர் எடுக்கும். எல்லாவற்றையும் ஒரே முனையில் மாட்டிவிட்டு, விளக்கு மங்குகிறது என்று பிறகு வருந்துபவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: போட்ட பணம் எப்போது திரும்பும்?
— பெட்ரோல் நிலைய முகவர், மதுரை

விடை: உங்கள் சாலையில் நாளொன்றுக்கு எத்தனை மின்கார்கள் நிற்கக்கூடும் என்பதை நீங்களே ஒரு வாரம் நின்று எண்ணிப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. கணக்கிடும் வழியை மட்டும் சொல்கிறேன். 120 கிலோவாட் சார்ஜர் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் 2,880 யூனிட் விற்கும். அதில் 10 விழுக்காடு என்றால் 288 யூனிட். நான் மேலே சொன்னபடி காருக்கு 31.5 யூனிட் என்றால் ஒன்பது கார்கள். எல்லாச் செலவும் போக யூனிட்டுக்கு 6 ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 1,728 ரூபாய், மாதத்துக்கு ஏறத்தாழ 52,000. சார்ஜர், கேபிள், மின்வாரிய வைப்புத்தொகை, கூரை, தளம் ஆகியவற்றின் மொத்தச் செலவை இதனால் வகுத்துப் பாருங்கள்.

அந்த 6 ரூபாயைக் கணிக்கும்போது ஏமாந்துவிடாதீர்கள். 288 யூனிட் விற்க நீங்கள் 303 யூனிட் வாங்க வேண்டும். யாரும் வராத நேரத்திலும் பெட்டி சிறிதளவு மின்சாரம் குடிக்கும். செயலி நிறுவனத்தின் பங்கு, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் இருக்கின்றன. காலை 9 முதல் மாலை 4 வரை, சூரிய மின்சாரம் மிகுந்த நேரத்தில், கட்டணம் குறைவாகவும் மற்ற நேரத்தில் அதிகமாகவும் இருக்க வேண்டும் என்பது மத்திய வழிகாட்டுதல். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் நடப்புக் கட்டண ஆணையை வைத்து, உங்களிடம் எந்த நேரத்தில் கார்கள் வரும் என்பதோடு பொருத்திப் பாருங்கள்.

கேள்வி: மின்தடையின்போது டீசல் ஜெனரேட்டரில் சார்ஜரை ஓட்டலாமா? கூரையில் சூரியத் தகடு இருந்தால் போதாதா?
— தங்கும் விடுதி மேலாளர், சேலம்

விடை: ஜெனரேட்டரில் ஓட்ட வேண்டாம், மின்தடை வந்ததும் சார்ஜர் தானாக விலகும்படி பேனலில் அமைத்துவிடுங்கள். ஒரு காருக்கு 31.5 யூனிட் ஏற்றச் சுமார் பத்து லிட்டர் டீசல் எரியும். விடுதியின் மின்தூக்கிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் வைத்த இயந்திரத்தின் மேல் திடீரென்று இவ்வளவு பளுவை ஏற்றினால் அது நின்றுவிடவும் கூடும். சூரியத் தகடு நல்லதே. 50 கிலோவாட் தகடுகளுக்கு ஏறத்தாழ 5,000 சதுர அடிக் கூரை வேண்டும். நாளுக்குச் சுமார் 200 யூனிட் கிடைக்கும். ஆனால் அது மின்கட்டணத்தைக் குறைக்குமே தவிர, இரவு ஒன்பது மணிக்கு வரும் காருக்கான மின்மாற்றியைக் குறைக்காது.

கேள்வி: மின்சாரம் விற்பதற்கு உரிமம் வாங்க வேண்டுமா?
— வாசகர், திருநெல்வேலி

விடை: வேண்டியதில்லை. மின்வாகனத்துக்கு மின்னேற்றுவது ஒரு சேவை. மின்சாரச் சட்டத்தின்படி அதற்கு உரிமம் தேவையில்லை என்று 2018 ஏப்ரலிலேயே மத்திய மின்துறை அமைச்சகம் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் பொருந்தும். உயரழுத்த இணைப்பும் மின்மாற்றியும் இருந்தால், மின்சாரம் கொடுப்பதற்கு முன் மின் ஆய்வுத் துறையின் ஒப்புதல் வேண்டும். அதற்கான வரைபடத்தைக் குழி தோண்டுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கேபிளை மூடிய பிறகு ஆய்வாளர் கேட்கும் திருத்தத்துக்கு மறுபடியும் மண்வெட்டியைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.