நிலவின் இழுப்புக்குத் தரையும் ஏறி இறங்குமா? அதை எப்படி அளந்தார்கள்?

கடல் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, காலடி மண்ணும் அப்படி அசைகிறதா, அதை எதை வைத்து அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அசைகிறது. சில இடங்களில் சில மணி நேரத்திலேயே 30 செ.மீ. வரை உயர்ந்து தாழும். வீடு, மரம், சாலை எல்லாம் சேர்ந்தே ஏறுவதால் நமக்குத் தெரிவதில்லை.

அளந்த விதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இயற்பியலாளர்கள் மைக்கெல்சனும் கேலும் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் 1913-ல் தொடங்கிய சோதனை. சுமார் 150 மீட்டர் நீளக் குழாய்கள், ஒன்று வடக்கு தெற்காக, இன்னொன்று கிழக்கு மேற்காக. மண்ணுக்குள் புதைத்துப் பாதியளவு தண்ணீர் ஊற்றினார்கள். கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பாரே, அதே வேலைதான். நிலவு இழுக்க, ஒரு முனையில் நீர் ஏறும், மறுமுனையில் இறங்கும். அதுவும் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான்! முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள், அப்புறம் ஒளி அலைகளின் குறுக்கீட்டை, அதாவது இரண்டு ஒளி அலைகள் சேரும்போது தோன்றும் வரிகளை வைத்து அளந்தார்கள்.

சரி, இதில் தரையின் அசைவு எங்கே வருகிறது? பூமி துளியும் வளையாததாக இருந்தால் நீர் எவ்வளவு ஏற வேண்டும் என்று கணக்கிடலாம். உண்மையில் ஏறியது அதில் சுமார் 69 சதவீதம்தான். குழாயைத் தாங்கிய நிலமும் கூடவே சாய்ந்ததுதான் காரணம். அந்தக் குறைவிலிருந்தே பூமி மொத்தத்தில் எஃகுக்கு நிகரான விறைப்புள்ளது என்று சொல்ல முடிந்தது.

இன்று ஜிபிஎஸ்ஸும், திரவ ஹீலியத்தின் குளிரில் ஒரு நியோபிய உலோக உருண்டையைக் காந்தப்புலத்தில் மிதக்கவிட்டு ஈர்ப்பு விசையை அளக்கும் ஈர்ப்புமானிகளும் இதைத் தொடர்ந்து பதிவு செய்கின்றன. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கி.மீ. துகள் முடுக்கி வளையம்கூட இந்த அசைவால் சுமார் 1 மி.மீ. நீண்டு சுருங்கியது.